சிபாப் போட்டுத் தூங்கினா வயிறு உப்புதா? கேள்வி பதில்

தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நிக்காம இருக்க, மாஸ்க் வழியா காத்தைத் தள்ளுறதுதான் சிபாப் மெஷின். மலேசியாவுல சுங்கை சிப்புட் வட்டாரத்துல அதைப் போடுறவங்க கேட்ட கேள்விகள் இது. அழுத்தம்னு சொல்ற எண்ணெல்லாம் மெஷின் திரையில வர்ற அதே எண்தான்.

கேள்வி: அண்ணே, மெஷின் வந்ததுல இருந்து விடியக்காலையில வயிறு மத்தளமா இருக்கு. ஏப்பம் நிக்கல. ரப்பர் பால் வெட்டப் போனா குனிய முடியல.

பதில்: தூக்கத்துல காத்தை முழுங்குறீங்க தம்பி. மெஷின் தள்ளுற காத்துல ஒரு பங்கு உணவுக்குழாய் வழியா இரைப்பைக்கு இறங்குது. உங்களது தேவைக்குத் தக்க அழுத்தத்தைத் தானே மாத்துற ஆட்டோ மெஷினா இருந்தா, அழுத்தத்தோட எல்லையை எவ்வளவு வச்சிருக்காங்கன்னு முதல்ல பாருங்க. பெட்டியில வந்தபடியே 4 முதல் 20 வரைக்கும்னு விட்டிருந்தா ரெண்டு முனையிலயும் தொல்லை. 4-ல பலருக்கு மூச்சு பத்தாது, இழுத்து இழுத்து விழுங்குவாங்க. மேல 20 வரைக்கும் திறந்து கிடக்கிறதால, மல்லாந்து படுத்துத் தொண்டை அடைச்சா மெஷின் அழுத்தத்தை ஏத்திக்கிட்டே போகும்.

கிளினிக்ல "95 விழுக்காடு அழுத்தம் எவ்வளவு?"ன்னு கேளுங்க. மெஷின் ஓடுற நேரத்துல 95 விழுக்காடு அழுத்தம் அந்த எண்ணைத் தாண்டலைன்னு அர்த்தம். அது 11-ன்னு வந்தா, எல்லையை 7-க்கும் 12-க்கும் நடுவுல சுருக்கலாமான்னு பேசலாம். வெளிமூச்சுல அழுத்தத்தை இறக்குற வசதியும் உண்டு. ரெஸ்மெட் கம்பெனி மெஷின்ல அதுக்கு இபிஆர்னு பேரு, 1 முதல் 3 வரைக்கும் இருக்கும். 3 வச்சா மூச்சு விடும்போது அழுத்தம் 3 குறையும், வயித்துக்குப் போற காத்தும் குறையும். சிலருக்கு அதனால மூச்சுத்தடை கூடும். அதனால ஒரு வாரம் ஏஹெச்ஐ, அதாவது மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது இல்ல குறையுதுங்கிற கணக்கு, 5-க்குக் கீழ நிக்குதான்னு பாருங்க. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான். சேர்த்து மாத்தினா எது கேட்டுச்சுன்னே தெரியாது.

கேள்வி: நானே 12-ல இருந்து 8-க்கு இறக்கிட்டா என்ன?

பதில்: வயிறு இறங்கும், குறட்டை திரும்பி வரும். செம்பனை லோரி ஓட்டுறவங்களுக்குப் பகல்ல கண்ணு சொக்குறது விளையாட்டு இல்ல. டாக்டர்கிட்ட சொல்லி ஒவ்வொண்ணா இறக்குங்க. 15-க்கு மேல தேவைப்படுறவங்க, மூச்சு இழுக்க ஒரு அழுத்தமும் விட அதைவிடக் குறைஞ்ச அழுத்தமும் குடுக்குற பைபாப் மெஷின் பத்திக் கேட்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு மூக்கு மாஸ்க். பல்செட்டைக் கழட்டிட்டுப் படுப்பாங்க, வாய் திறந்துக்குது.

பதில்: கோளாறு அங்கதான். பல்செட் இல்லன்னா தாடைக்குப் பிடிமானம் போயிடும். காத்து வாய் வழியா ஓட, ஈடுகட்ட மெஷின் இன்னும் கூட்டும். தொண்டை காய்ஞ்சு எச்சில் முழுங்குறப்ப காத்தும் கூடவே போகும். ரெஸ்மெட்ல லீக், அதாவது காத்துக் கசிவு, நிமிஷத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினா அது பெரிய லீக். மூக்கடைப்பு இருந்தா முதல்ல உப்புத்தண்ணி ஸ்ப்ரே. பிறகும் வாய் திறந்தா வாயையும் சேர்த்து மூடுற மாஸ்க். அதைப் பல்செட் இல்லாமலே அளவு பாருங்க. மெஷினை ஓடவிட்டு, படுக்க வச்சுத்தான் வாரை இழுக்கணும். உட்கார்ந்து கட்டின வார் படுத்ததும் இடம் மாறிடும். வாயில டேப் ஒட்டுற யோசனை மட்டும் வேணாம்.

கேள்வி: ஆலையில ஷிப்ட் முடிஞ்சு 11 மணிக்கு மீ கோரெங், தே தாரெக். 12-க்குப் படுக்கை. அதனாலயா?

பதில்: அதுக்கும் பங்கு உண்டு. வயிறு நிறைஞ்சு படுத்தா புளிப்பு மேல ஏறும், தொண்டை எரிய எரிய அடிக்கடி முழுங்குவீங்க. சாப்பாட்டை ஷிப்ட் இடைவேளைக்கு மாத்துங்க. படுக்க 3 மணி நேரம் முன்னாடி முடியணும். காஸ் தண்ணியை ராத்திரியில தொடாதீங்க.

கேள்வி: ஈனோ குடிக்கலாமா?

பதில்: ஏப்பம் வரும், ஆனா அதுவே வயித்துல காஸ் உண்டாக்கித்தான் வேலை செய்யுது. சோடியமும் இருக்கு, ரத்தக் கொதிப்பு உள்ளவங்க தினம் குடிக்கக் கூடாது. சிமெத்திக்கோன் மாத்திரை குமிழியை உடைக்கும், அவ்வளவுதான். காத்து உள்ள போறதை ரெண்டும் தடுக்காது.

கேள்வி: தலைகாணி ரெண்டு வச்சுப் படுக்கவா?

பதில்: கழுத்து மடங்கி மூச்சுக்குழல் இன்னும் குறுகும். கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில அரை அடிக் கட்டை கொடுங்க. இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க. புளிப்பு ஏறுறது குறையும், மல்லாந்து படுக்காததால பலருக்கு அழுத்தமும் குறைவாவே போதும்.

கேள்வி: எப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

பதில்: மாஸ்க்கைக் கழட்டி ஏப்பமும் வாயுவும் பிரிஞ்சா சில மணி நேரத்துல வயிறு இறங்கணும். இறங்காம கல்லா இறுகி, கடும் வலியோ விடாத வாந்தியோ வந்தா 999. வயித்துல ஆபரேஷன் பண்ணி அதிக நாள் ஆகாதவங்க, மெஷின் போடலாமான்னு ஆபரேஷன் செஞ்ச டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க.