தாய்லாந்துக் கோழி சாலட்: தண்ணீர் விடாமல் இருக்க

கேள்வி: கோழியும் அன்னாசிப்பழமும் சேர்த்துத் தாய்லாந்து முறையில் சாலட் செய்து, விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கலந்து வைத்தேன். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. கோழித் துண்டுகள் மேலே குழைந்தும் உள்ளே சக்கையாகவும் இருந்தன. எண்ணெய் அதிகமில்லாமல் இதைச் சரியாகச் செய்வது எப்படி?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் தேர்ந்த பழமும் கலந்த நேரமும்தான் உங்களைக் கைவிட்டிருக்கின்றன. வேகவைக்காத அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் புரோமிலைன் என்ற நொதி இருப்பதால், அதனுடன் ஊறிய கோழி குழைந்துவிடும். உப்பும் இனிப்பும் பட்டதும் நறுக்கிய பழம் சாறு விடுவதும் இயல்பே.

தாய்லாந்தில் இத்தகைய கலவைகளை ‘யம்’ என்பார்கள். அவற்றுள் நீங்கள் முயல வேண்டியது ‘யம் சோம் ஓ’, அதாவது பம்பளிமாஸ் யம். பாங்காக்குக்கு மேற்கே, நக்கோன் பத்தோம் மாகாணத்திலுள்ள நக்கோன் சாய் சி வட்டாரம் இந்தப் பழத்துக்குப் பெயர் பெற்றது. ஆரஞ்சைப் போல் கைபட்டதும் கசிந்துவிடாமல், சுளைத்தோலை உரித்தால் முத்து முத்தாக உதிர்வதே பம்பளிமாஸின் சிறப்பு. ஆகவே கத்தியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே பிரித்தெடுங்கள். கசக்கும் வெள்ளைத் தோல் சிறிதும் ஒட்டியிருக்கக் கூடாது.

எலும்பில்லாத நெஞ்சுக்கறி 300 கிராம் எடுத்து, அது மூழ்கும் அளவு குளிர்ந்த நீரில் சிறிது உப்பும் இஞ்சித் துண்டுகளும் இட்டு அடுப்பேற்றி, கொதி வரத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, சிறு குமிழ்கள் மட்டும் எழும்படி 10 முதல் 12 நிமிடம் வேகவிட்டு இறக்கி, மூடியபடியே இன்னும் 10 நிமிடம் வையுங்கள். தளதளவென்று கொதித்ததால்தான் உங்கள் கறி சக்கையாகியிருக்கும் என்று ஊகிக்கிறேன். தடித்த பகுதியைப் பிளந்து பார்த்தால் இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. வெப்பமானி இருந்தால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். ஆறியபின் நாரின் போக்கிலேயே கையால் பிய்த்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, மீன் சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, பொடித்த வெல்லம் ஒரு மேசைக்கரண்டி, நசுக்கிய பச்சை மிளகாய் இரண்டு: சாறு இவ்வளவே, இதில் எண்ணெய்க்கு இடமில்லை. தாய்லாந்தில் பனை அல்லது தென்னை வெல்லம் சேர்ப்பார்கள். நம் கருப்பட்டியின் கருகல் மணம் இங்கே தூக்கலாகிவிடும் என்பது என் எண்ணம். மீன் சாஸ் என்பது நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிலிட்டுப் பல மாதம் நொதிக்கவைத்து வடித்த சாறு. அதிலேயே உப்பு மிகுதி என்பதால் தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம். சோயா சாஸை அதற்கு ஈடாகக் கருத வேண்டாம், சுவையே வேறாகிவிடும்.

இரண்டு கிண்ணம் பம்பளிமாஸ், கோழி, புதினா, கொத்தமல்லி ஆகியவற்றைத் தனித்தனியாகக் குளிரூட்டி வைத்துக்கொண்டு, விருந்தினர் இலையில் அமர்ந்தபின் சாறூற்றி இரு கரண்டிகளால் மெதுவாகப் புரட்டி, கடைசியாக வறுத்த தேங்காய்த் துருவல், ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை, பொரித்த சின்ன வெங்காயம் ஆகியவற்றைத் தூவிப் பரிமாறுங்கள்.

கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளுடனும் இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றுடனும் பம்பளிமாஸ் ஒத்துப்போவதில்லை. அவற்றை உட்கொள்பவர் யாரேனும் வந்தால், அவருக்கு மட்டும் கிளிமூக்கு மாங்காயைச் சீவிப் போட்டு, எலுமிச்சைச் சாற்றைப் பாதியாகக் குறைத்துத் தனிக் கிண்ணத்தில் கலந்து கொடுங்கள். மாங்காய் யம்மும் தாய்லாந்தில் வழக்கத்தில் உள்ளதுதான்.