ஆடிக் காற்றைப் பேட்டரியில் பிடிக்க முடியுமா?

கேள்வி: ராஜபாளையம் பக்கம் நூற்பாலை நடத்துகிறோம். ராதாபுரம் அருகே 2 மெகாவாட் காற்றாலை ஒன்று சொந்தமாக இருக்கிறது. சீசனில் காற்று நன்றாக அடிக்கும் நேரம் பார்த்து உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள். மில் வளாகத்தில் 2,000 யூனிட் பிடிக்கும் பேட்டரி வைத்தால் அந்த மின்சாரம் வீணாகாது என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வீணாகும் காற்றைச் சேமிக்க என்றால், மில்லில் வைக்க வேண்டாம். காரணம் எளிது. உற்பத்தியைக் குறைக்கச் சொல்வது பெரும்பாலும் காற்றாலைப் பக்கத்துத் துணைமின் நிலையமோ, அங்கிருந்து கிளம்பும் லைனோ தாங்காததால்தான். ராதாபுரத்திலிருந்து வெளியே வர முடியாத மின்சாரம் ராஜபாளையத்தில் இருக்கும் பேட்டரிக்கு எந்த வழியாக வந்து சேரும்? வாய்க்கால் அடைத்துக் கிடக்கும்போது கடைமடையில் குளம் வெட்டுவது போன்றது இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம் ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலையின் அடியில் நின்றிருந்தேன். நிற்க முடியாத காற்று. கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரையில் காற்றின் வேகம் விநாடிக்கு 13 மீட்டர் என்றும், அதற்குக் கீழே உற்பத்தி 0 என்றும் காட்டியது. இறக்கைகள் விளிம்பைக் காற்றுக்குக் காட்டியபடி அசையாமல் நின்றன. அதைப் பார்த்தவருக்கு உங்கள் ஆதங்கம் புரியும். எனக்கும் புரிகிறது.

அப்படியென்றால் பேட்டரியைக் காற்றாலையின் காலடியிலேயே வைத்துவிடலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 மெகாவாட் முழுவதும் ஓடக்கூடிய நேரத்தில் பாதியாகக் குறைக்கச் சொன்னால், மணிக்கு 1,000 யூனிட் மிஞ்சும். 2,000 யூனிட் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். தடை எட்டு மணி நேரம் நீடித்தால் மீதி 6,000 யூனிட் போனது போனதுதான். நிரம்பிய பேட்டரியைக் காலி செய்யவும் அதே லைனில் இடம் கிடைக்க வேண்டும். சீசனில் இரவிலும் காற்று நிற்காத நாள்கள் உண்டு. அன்று மறுநாள்வரை நிரம்பியபடியே காத்துக் கிடக்கும்.

விற்பனையாளர் யூனிட்டை மட்டும் சொல்லியிருக்கிறார். எத்தனை மெகாவாட் என்றும் கேளுங்கள். யூனிட் என்பது குளத்தின் கொள்ளளவு, மெகாவாட் என்பது மடையின் அகலம். இரண்டும் வேறு வேறு, இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் கொடுக்கிறோம்.

மில்லில் வைக்கும் பேட்டரிக்கு வேறொரு பயன் உண்டு: பீக் ஹவர். மாலை 6 முதல் 10 வரை உயர் அழுத்த இணைப்புக்கு யூனிட் விலையில் 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. இரவில் ஏற்றி மாலையில் எடுத்தால் லாபம் என்பார்கள். கணக்கு வசதிக்காக யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் 2,000 யூனிட் ஏற்ற 13,300 ரூபாய். ஏற்றி இறக்குவதில் 15 சதவீதம் போனால் 1,700 யூனிட் திரும்ப வரும். பீக் விலையில் அதன் மதிப்பு 14,875 ரூபாய். மிச்சம் நாளைக்கு 1,575 ரூபாய். பேட்டரியைக் குளிர்விக்க ஏசி ஓடும் செலவு இதில் சேரவில்லை. பேட்டரியின் விலையை இந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள், எத்தனை ஆண்டு என்று தெரிந்துவிடும். விற்பனையாளர் காட்டும் லாபக் கணக்கில் அந்த 15 சதவீதம் கழிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

பேட்டரியே பயனில்லை என்று சொல்லவில்லை. காற்று மிகுந்த மின்கட்டமைப்புக்கு அது செய்யும் வேலையே வேறு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28 அன்று புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்தன. மின்னழுத்தம் அடுத்தடுத்து விழுந்ததில், பாதுகாப்பு அமைப்பில் வைத்திருந்த வரம்பைத் தாண்டியதும் பல காற்றாலைப் பண்ணைகள் உற்பத்தியைச் சட்டென்று குறைத்தன. அந்தச் சுமை முழுவதும் பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் லைன் மேல் ஏற, அதுவும் துண்டித்துக்கொண்டது. மாநிலமே இருண்டது. அன்று காற்றுக்குப் பஞ்சமில்லை. சில விநாடி தாங்கிப் பிடிக்க ஆளில்லை.

அடுத்த ஆண்டின் இறுதியில் ஜேம்ஸ்டவுன் அருகே ஹார்ன்ஸ்டேல் பேட்டரி வந்தது: 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி (அதாவது 1.29 லட்சம் யூனிட்). அதில் 70 மெகாவாட்டை மாநில அரசு கட்டமைப்பின் பாதுகாப்புக்காக ஒதுக்கி வைத்தது, அதுவும் 10 நிமிடம் ஓடும் அளவுக்கு மட்டும். மீதி 30 மெகாவாட்தான் சில மணி நேரம் வாங்கி விற்கும் வேலைக்கு. வந்த சில நாளிலேயே, டிசம்பர் 14 அன்று, விக்டோரியாவின் லாய் யாங் நிலக்கரி நிலையத்தில் 560 மெகாவாட் மின்னாக்கி ஒன்று நின்றுபோனது. கட்டமைப்பின் அதிர்வெண் (வரத்து தேவையைவிடக் குறைந்தால் இது விழும்) 50 ஹெர்ட்ஸிலிருந்து சரிய, பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்தப் பேட்டரி நொடியில் 7 மெகாவாட் அளவுக்கு மின்சாரத்தைத் தள்ளியது. அளவு சிறிதுதான். ஆனால் நீராவி விசையாழிகள் தங்கள் உற்பத்தியைக் கூட்ட எடுக்கும் நேரத்துக்குள் அது வேலையைத் தொடங்கிவிட்டது. பேட்டரிக்குச் சம்பளம் அந்த வேகத்துக்குத்தான்.

நம் மாநிலம் அகில இந்தியக் கட்டமைப்போடு இணைந்திருப்பதால் தெற்கு ஆஸ்திரேலியா அளவுக்கு அந்தப் பயம் இல்லை. இங்கே பேட்டரிக்கு நல்ல இடம், காற்றாலைகள் குவிந்திருக்கும் துணைமின் நிலையங்கள். பல காற்றாலைகளின் மிச்சத்தைச் சில மணி நேரம் பிடித்து, மாலையில் சூரிய மின்சாரம் இறங்கும்போது விடலாம். அதைக் கட்டமைப்பை நடத்துபவர்கள் செய்ய வேண்டும். ஒற்றைக் காற்றாலைக்காரர் தலையில் அந்தச் செலவு விழுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

ஆடியில் மிஞ்சுவதைத் தையில் எடுக்க பேட்டரி உதவாது. தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது, நல்ல சீசன் நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் வரும். ஹார்ன்ஸ்டேல் தொடங்கியபோது அதன் கொள்ளளவு 1.29 லட்சம் யூனிட். ஒரே நாள் காற்றைப் பிடிக்கவே அதைப்போல் 775 வேண்டும். மாதக்கணக்கில் தள்ளி எடுக்கும் வேலையை உங்களுக்கு பேங்கிங் (மிஞ்சும் யூனிட்டை மின்வாரியக் கணக்கில் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்வது) செய்கிறது, வசதி இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். மணிக்கணக்கில் என்றால் 400 மெகாவாட் காடம்பாறை இருக்கிறது. மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கும் நிலையம்.

விற்பனையாளருக்குப் பதில் சொல்லும் முன், கடந்த இரண்டு சீசனின் லாக் புத்தகத்தை எடுங்கள். குறைக்கச் சொன்ன ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிந்தது, எத்தனை கிலோவாட்டுக்கு இறக்கச் சொன்னார்கள், அப்போது காற்றின் வேகம் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பராமரிப்புக்காக நிறுத்திய நேரத்தைத் தனியாகக் கழித்துவிடுங்கள். பலர் இரண்டையும் சேர்த்து இழப்பு என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலான தடைகள் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்து, சீசன் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்திருந்தால் காற்றாலைப் பக்கம் ஒரு பேட்டரி வைப்பது பற்றி அனுமதி, மீட்டர் விவரங்களோடு மறுபடி பேசலாம். அந்தத் தாளை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.