சென்னையில் தினமும் வேலைக்குப் போய்வர மின்சார ஸ்கூட்டர் ஒத்துவருமா?

நன்றாகவே ஒத்துவரும், ஒரு நிபந்தனையோடு. இரவில் வண்டி நிற்கும் இடத்தில் உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து இழுத்த பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் எந்த வண்டி, எத்தனை கி.மீ. ஓடும் என்ற விசாரணையெல்லாம் பிறகுதான்.

நான் மடிப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி, கிண்டி, சைதாப்பேட்டை வழியாக நுங்கம்பாக்கம் போகிறேன். போகவர 30 கி.மீ. வரும். 3 கிலோவாட் மணி (அதாவது 3 யூனிட் மின்சாரம் பிடிக்கும்) பேட்டரி உள்ள வண்டிகள் நகருக்குள் ஒரு சார்ஜில் 80 கி.மீ.க்கு மேல் சாதாரணமாக ஓடுகின்றன. அதனால் பாதி வழியில் நின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம். நெரிசல் உண்மையில் இந்த வண்டிக்குச் சாதகம்: சிக்னலில் நிற்கும்போது மோட்டார் ஓடுவதில்லை, கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பவும் வருகிறது.

சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிட்டுக்கு 25 முதல் 30 கி.மீ. கிடைக்கும். அதே 30 கி.மீ.க்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் முக்கால் லிட்டர் வரை குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் தினம் 75 ரூபாய் வரை ஆகும். மின் கட்டணத்தில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு மாத ரீடிங்கில் வண்டிக்காக 50, 60 யூனிட் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். கோடையில் ஏ.சி. ஓடும் வீடுகள் பல அந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கின்றன. தாண்டினாலும் பெட்ரோலைவிட மலிவுதான், ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் உண்மையான வேலை இருக்கிறது. முதலில் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி. பிறகு நல்ல எலக்ட்ரீஷியனை அழைத்து, உங்கள் மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), சரியான எர்த், 15 ஆம்பியர் பிளக், அதற்குப் பூட்டுள்ள பெட்டி என்று முறையாகப் போடுங்கள். முதல் சில நாட்கள் சார்ஜ் ஏறும்போது பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் இணைப்பு சரியில்லை என்று பொருள். இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொங்கவிட்டு இரவெல்லாம் சார்ஜ் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சங்கத்தில் தீ விபத்து பற்றிக் கேட்பார்கள், அது நியாயமான கேள்வி. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்து, தந்தையும் மகளும் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த ஆண்டு நாட்டில் நடந்த இத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான் ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் தயாரான வண்டியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். வெயிலில் ஓட்டிவந்த கையோடு சார்ஜ் போடாமல், பேட்டரி சற்று ஆறிய பிறகு போடுங்கள்.

மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் மடிப்பாக்கத்து ஆள் நான், மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐபி 67 தரமுள்ள பேட்டரி, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. இரவெல்லாம் மூழ்கிக் கிடக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. தரைத்தள பார்க்கிங்கில் பிளக் பெட்டியை நெஞ்சளவு உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே சார்ஜ் ஏற்றி வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். தண்ணீர் தேங்கினால் மின்வாரியம் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திவிடும்.

உரிமமும் பதிவும் தேவைப்படாத, மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கு உட்பட்ட சிறிய வண்டிகள் தெருவுக்குள் காய்கறி வாங்கிவரப் போதும். அண்ணா சாலையில் பஸ்களுக்கு நடுவே அவை ஆபத்து.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் சந்துகளில் பார்க்கிங் இல்லாமல் வாடகைக்கு இருப்பவர்கள், பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போகும் வகை வண்டிகளைப் பாருங்கள். அந்தப் பேட்டரி பத்து கிலோவை ஒட்டி எடை இருக்கும். மூன்றாம் மாடியில் குடியிருந்தால், ஷோரூமிலேயே அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.