கை பட்டால்தான் மாவு புளிக்குமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. இட்லி மாவைக் கையால் கரைத்தால்தான் பொங்கும் என்பது என் கட்சி. கை பட்டால் கிருமி என்று மருமகள் கரண்டியால் கரைக்கிறாள். இந்த மார்கழியில் எப்படிக் கரைத்தும் பொங்கவில்லை. என் வீட்டுக்காரரோ போன தாளடி நெல்லுக்கு அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரப் பாக்கெட்டையும் பூஞ்சாணக்கொல்லித் தூளையும் ஒரே வாளியில் கரைத்து விதையில் ஊற்றினார். கிருமியைக் கொல்ல வேண்டுமா, வளர்க்க வேண்டுமா?

ஒரு வாசகி, வலங்கைமான்

அன்புள்ள அம்மா,

இரண்டு கட்சிக்கும் பாதி வெற்றிதான். மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவுக்கு உங்கள் கை தேவையில்லை. அது பெரும்பாலும் உளுந்தோடு ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடுகிறது. கரண்டியால் கரைத்தாலும் மாவு பொங்கும். கை செய்கிற உபகாரம், அரிசி மாவையும் உளுந்து மாவையும் திட்டுத்திட்டாக இல்லாமல் ஒன்றாக்குவது.

மாவில் முதலில் கிளம்புவது லூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடும். வாயு உண்டானால் மட்டும் போதாது, அதைப் பிடித்து வைக்க உளுந்தின் கொழகொழப்பு வேண்டும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது அதற்காகத்தான். அரைத்த உளுந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் காற்று ஏறியிருக்கிறது, மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும். புளிப்பு ஏற ஏற லூகோநாஸ்டாக் ஒதுங்கி, அமிலம் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். கெடுக்கிற கிருமிகள் தலையெடுக்கும் முன்பே இவை மாவைப் புளிப்பாக்கிவிடுவதால்தான் அது கெடாமல் நிற்கிறது. முந்துவது யார் என்பதுதான் கேள்வி.

இவற்றுக்கு 30 டிகிரி பக்கம் சூடு வேண்டும். மார்கழி இரவில் நம் பக்கம் 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடும். அதனால் உளுந்து ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் கைபொறுக்கும் சூடாக்கி, அதையே விட்டு ஆட்டுங்கள். பழைய மாவில் ஒரு கரண்டி சேருங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் மூடி, வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள அகலப் பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள். 8 மணி நேரத்தில் ஆவது 12, 14 ஆகலாம், அவசரப்படக் கூடாது. மிக்சியில் அரைத்தால் மாவு சூடேறிவிடும், ஐந்தாறு தடவையாக நிறுத்தி நிறுத்தி அரைக்கவும். சோடா உப்பு இட்லியை உப்ப வைக்கும், அவ்வளவுதான். அது புளிப்பு ஆகாது.

பழைய சோற்றிலும் இதே பந்தயம்தான். சோறு வெந்தாலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாவதில்லை. மிஞ்சிய சோற்றைக் குவியலாக, வெதுவெதுப்பாக நாள் முழுக்க மூடி வைத்தால் அவை முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, வாடையிலும் தெரியாது. சோற்றைத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, பிறகு மூழ்கத் தண்ணீர் ஊற்றுங்கள். காலையில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

இனி வாளி. அசோஸ்பைரில்லம் உயிருள்ள பாக்டீரியா, நெல்லின் வேரை ஒட்டி வாழ்ந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவது. ரசாயன மருந்தோடு ஒரே வாளியில் கலந்தால் பாக்கெட் காசு வீண். விதைக்கு மருந்து கட்டாயம் என்றால் மருந்து விதைக்கு, பாக்டீரியா நாற்றின் வேருக்கு என்று பிரித்துவிடச் சொல்லுங்கள். ஏக்கருக்கு, அதாவது மூன்று மா நிலத்துக்கு, 200 கிராம் பாக்கெட் இரண்டை 16 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பறித்த நாற்றின் வேரை 15 முதல் 30 நிமிடம் நனைத்து நடலாம். நடவு வயலுக்கு 4 பாக்கெட்டை 10 கிலோ மக்கிய தொழுவுரம், 10 கிலோ மண்ணோடு கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். விதையிலேயே காப்பு வேண்டுமானால் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற காவல் பாக்டீரியாத் தூள் போதும், அது அசோஸ்பைரில்லத்தோடு சண்டை போடாது. பாக்கெட்டின் காலாவதி தேதியைப் பாருங்கள். தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையில் வைத்த பாக்கெட்டில் உயிர் இருக்காது.

வயல் சேறும் இதே கதை. தண்ணீர் கட்டிய வயலில் மேலே மெல்லிய பழுப்புப் படலம், அதற்குக் கீழே காற்றில்லாத கருஞ்சேறு. கால் வைத்தால் கொப்பளிக்கும் குமிழியில் மீத்தேன் இருக்கிறது, அதைச் செய்வதும் நுண்ணுயிர்தான். நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் துருப்பிடித்த நிறமாக இருக்கும், அது நல்ல அறிகுறி. வேர் காற்றை வெளியே விட்டு இரும்பைத் துருவாக்கியிருக்கிறது. வேர் கறுத்து அழுகிய முட்டை வாடை வந்தால் தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு விழும்வரை ஆறப்போடுங்கள்.

அந்தச் சேற்றில் நின்றுவிட்டு வந்த கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவாமல் மாவில் விடாதீர்கள். அந்த இடத்தில் மருமகள் சொல்வதுதான் சரி.