நல்ல பூட்டு போட்டால் திருடனைத் தடுத்துவிட முடியுமா?

கேள்வி: “புது வீட்டுக்குக் குடிபோகிறோம். பகலில் இருவருமே வேலைக்குப் போய்விடுவோம். திருட்டுப் பயம் இல்லாமல் இருக்க எந்தப் பூட்டு வாங்கலாம்?”

பூட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வாசல் கதவுக்குப் போங்கள். கதவைத் திறந்து பார்த்தால், பூட்டின் நாக்கு போய் நுழையும் இடத்தில், கதவு நிலையில் ஒரு சின்னத் தகடு பதித்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி நீளத்தைப் பாருங்கள். பல வீடுகளில் அது இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் திருடன் நுழைந்தது அந்த இரண்டு சென்டிமீட்டரை நம்பித்தான். சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன், கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. நாக்கு முழுதாக வெளியே நீட்டிக்கொண்டு, காலையில் பூட்டிவிட்டுப் போனபடியே இருந்தது. தகடு மட்டும் இரண்டு ஸ்க்ரூவோடும், பிய்ந்துவந்த மரச் சிராய்களோடும் உள்ளே தரையில் கிடந்தது. கதவில் நாக்குக்குப் பக்கத்திலேயே செருப்புத் தடம். நாலு உதை உதைத்திருப்பான், அவ்வளவுதான். அந்தப் பூட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் அலைந்தேன். அது பிடித்துக்கொண்டு நிற்கும் மரத்தை ஒருநாளும் கவனித்ததில்லை.

அதனால் என் பதில் இதுதான்: பூட்டுக்குச் செய்கிற செலவில் ஒரு சிறு பங்கை நிலைக்குச் செய்யுங்கள். சின்னத் தகட்டை எடுத்துவிட்டு நீளமான கனத்த தகடு போடச் சொல்லுங்கள். ஏழரை சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டால் அது நிலையைத் தாண்டிப் பின்னால் இருக்கும் கட்டையைப் பிடிக்கும். செங்கல், கான்கிரீட் சுவராக இருந்தால் நிலையைச் சுவரோடு ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கீல் பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள், ஒவ்வொரு கீலிலும் ஒரு நீள ஸ்க்ரூவாவது இருக்கட்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் வகை என்றால் கீலின் ஆணி வெளியே தெரியும், அதை உருவிக் கதவைக் கழற்றிவிடலாம். உருவ முடியாத ஆணி உள்ள கீல்கள் கிடைக்கின்றன.

சரி, இப்போது பூட்டு. கதவுக்குள்ளேயே பதியும் வகையில், நாக்கு குறைந்தது 25 மில்லிமீட்டர் வெளியே வரும் பூட்டாக வாங்குங்கள். சாவி போடும் சிலிண்டர் தனியாகக் கழற்றக்கூடிய வகையாக இருந்தால், அதன் முனை கைப்பிடித் தகட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. நின்றால் இடுக்கியால் பிடித்து முறித்துவிடுவார்கள். வெளியே கொண்டி மாட்டித் தொங்கும் பூட்டை வாசல் கதவுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கொண்டியைப் பெயர்த்தால் பூட்டு என்ன செய்யும்? போதாததற்கு, வீட்டில் யாரும் இல்லை என்று தெருவுக்கே அது சொல்லிக்கொண்டிருக்கும். முன்பு குடியிருந்தவர்களிடம் எத்தனை சாவி இருக்கிறதோ யாருக்குத் தெரியும், குடிபோகும் அன்றே சிலிண்டரை மாற்றிவிடுங்கள்.

பக்கவாட்டில் சறுக்கித் திறக்கும் கதவு இருந்தால் கீழ்த் தண்டவாளத்தில் ஒரு கட்டையை வெட்டிப் போடுங்கள். ஜன்னல் கிரில் ஸ்க்ரூவில் நிற்காமல் சுவரில் பதிந்திருப்பது நல்லது. ஆனால் ஒரு கிரிலாவது உள்ளிருந்து சட்டென்று திறக்கும்படி இருக்க வேண்டும். தீப்பிடித்தால் அதுதான் உயிர்வழி, இதில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள்.

நீங்கள் பகலில் வீட்டில் இருக்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் பூட்டைவிட இதுதான் பெரிய விஷயம். பிடிபட்ட திருடர்களிடம் பேசிப் பார்த்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, ஆள் இருக்கும் வீட்டைத்தான் அவர்கள் அதிகம் தவிர்க்கிறார்கள் என்று. அழைப்பு மணியை அடித்துப் பார்த்து, யாரும் வராவிட்டால்தான் கைவைக்கிறார்கள். நாள் முழுக்க எரியும் வாசல் விளக்கு, வாசலில் சேரும் பார்சல்கள், வெளியூரில் இருந்தபடியே இணையத்தில் போடும் சுற்றுலாப் படங்கள் எல்லாம் ஆள் இல்லை என்பதற்கான அடையாளங்கள். டைமர் வைத்து அறை விளக்கை மாலையில் எரியவிடலாம்.

அதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் முக்கியம். எங்கள் கதவை உதைத்த சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. “ஏதோ மர வேலை நடக்குதுன்னு நினைச்சோம்” என்று அந்த அம்மா அழாத குறையாகச் சொன்னார். அவர் மேல் தப்பே இல்லை, நாங்கள்தான் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: வீட்டில் வேலை நடந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். சொல்லாமல் சத்தம் கேட்டால் உடனே போன்.

ஒருமுறை திருடுபோன வீட்டுக்கு, அடுத்த சில வாரங்களில் மறுபடி ஆபத்து அதிகம். வழி தெரிந்துவிட்டது, இழந்த பொருளைப் புதிதாக வாங்கி வைப்பார்கள் என்பதும் தெரியும். இங்கிலாந்தில் ராச்டேல் அருகே கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களின் நடுவில் இதைக் கவனித்து, ஏற்கெனவே திருடுபோன வீடுகளின் பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள், சுற்றியுள்ள சில வீட்டாரை அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் குடியிருப்பில் திருட்டு வெகுவாகக் குறைந்தது. ஆகவே உடைந்த கதவை அன்றைக்கே சரிசெய்யுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள்.

கேமரா வைக்கலாம், தப்பில்லை. அது பதிவு செய்யும், கதவைப் பிடித்துக்கொள்ளாது. வாங்கியவுடன் அதனோடு வரும் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் (கம்ப்யூட்டர் வைரஸ் மாதிரி ஒன்று) இணையத்தோடு இணைந்த ஏராளமான கேமராக்களைக் கைப்பற்றியது, மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

கடைசியாக, நான் செய்த தவறு ஒன்று. கதவு திறந்திருப்பதைப் பார்த்ததும் நேராக உள்ளே ஓடினேன். படுக்கையறையில் பீரோ துணியெல்லாம் தரையில் கிடந்தது. அழுதுகொண்டே ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தேன். உள்ளே இன்னும் ஆள் இருந்திருக்கலாம் என்பது தோன்றவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்த காவலர் பீரோவைப் பார்த்துவிட்டு, “எதையெல்லாம் தொட்டீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். எல்லாவற்றையும் தொட்டிருந்தேன். உங்களுக்கு அப்படி ஒரு நாள் வரவே வேண்டாம். வந்தால் வாசலைத் தாண்டாமல் வெளியே நின்றபடியே காவல் துறைக்குப் போன் செய்யுங்கள்.