பயிர் டானிக் மீனுக்கு ஆகுமா?

கேள்வி: நெல்லுக்குத் தெளித்த கடல்பாசித் திரவம் மிச்சம் இருக்கிறது. கெண்டை மீன் தீவனத்தில் கலக்கலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: வேண்டாம். பயிருக்கான திரவங்கள் பலவற்றைப் பொட்டாஷ் காரத்தில் வேகவைத்து எடுக்கிறார்கள். கெட்டுப்போகாமல் இருக்க மருந்தும் சேர்ப்பதுண்டு. கப்பாபைகஸ் பாசியைப் பிழிந்த சாறென்றால் அதில் பொட்டாசிய உப்புதான் மிகுதி. மீனுக்குப் பயன்படுவது கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் இருக்கும் லாமினாரின், ஃபியூகாய்டன் என்ற மாவுச்சத்து வகைகள். லாமினாரின், குளுக்கோஸ் சங்கிலியாலான பீட்டா குளுக்கான் வகையைச் சேர்ந்தது. பூஞ்சையின் செல்சுவரிலும் பீட்டா குளுக்கான் உண்டு என்பதால், மீனின் வெள்ளணுக்கள் கிருமி நுழைந்துவிட்டதாக எண்ணி விழித்துக்கொள்கின்றன. தீவனத்துக்கென விற்கும் சாற்றுப் பொடியையே வாங்குங்கள். பழுப்புப் பாசி ஆர்செனிக்கைச் சேர்த்துவைக்கும்; ஆய்வறிக்கை கேட்டு வாங்குவது நல்லது.

கேள்வி: எவ்வளவு, எப்படிக் கலப்பது? எத்தனை நாள் கொடுப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பொட்டலத்தில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. இல்லையென்றால் 10 கிலோ மிதவைத் தீவனத்துக்கு 50 கிராம் பொடி போதும். அதை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, தீவனத்தைப் புரட்டிக்கொண்டே தெளியுங்கள். கால் மணி நேரம் கழித்து 100 மில்லி மீன் எண்ணெயைப் பூசினால் சாறு குளத்தில் கரைந்து போகாது. நிழலில் உலர்த்தி அன்றே போட்டுவிடுங்கள். தண்ணீர் கூடினால் குருணை உதிரும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும், நஞ்சும் சேரும். தவிடு, புண்ணாக்கைப் பையில் கட்டித் தொங்கவிடுகிறவர்களுக்கு இந்தச் செலவு வீண், பாதி தண்ணீரோடு போய்விடும்.

மூன்று வாரம் கொடுத்து மூன்று வாரம் நிறுத்துங்கள். ஓயாமல் தூண்டினால் எதிர்ப்பாற்றல் மந்தமாகிவிடும். சாறு இல்லாமல் முழுப்பாசித் தூளைக் கலப்பவர்கள் 2–3 சதவீதத்தோடு நிற்கட்டும். 10 சதவீதத்தைத் தாண்டினால் செரிமானம் கெட்டு வளர்ச்சி குறையக்கூடும்.

கேள்வி: விரால் மீனில் புண் வந்துவிட்டது. இப்போது கொடுத்தால் ஆறுமா?
– வாசகர், கடலூர்

பதில்: ஆறாது. நோயுற்ற மீன் தீவனமே எடுக்காது, பிறகு சாறு எங்கே உள்ளே போகும்? ஐப்பசி மழைக்குப் பின் நீர் குளிரும்போது வரும் புண் நோய்க்கு, ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழ நீருக்கு 1 லிட்டர் சிஃபாக்ஸ் (மீன் புண் நோய்க்கான மருந்து) என்பதே வழக்கமான அளவு. கார அமிலத்தன்மையைப் பார்த்த பிறகே சுண்ணாம்பு போடுங்கள். பாசிச் சாற்றை அடுத்த ஆண்டு புரட்டாசிக் கடைசியிலேயே தொடங்கலாம்.