பாவாடை கட்டிய பஸ் டிரைவர்கள்

கேள்வி: ஐரோப்பாவில் ஆண்கள் பாவாடை கட்டிக்கொண்டு வேலைக்குப் போவதைச் சமத்துவப் போராட்டம் என்று பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. நான் ஒரு பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். பொறுப்பில் இருப்பவன். விதி என்று ஒன்று இருந்தால் அதை மதிக்க வேண்டியதுதானே? ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் உடுத்தினால் யாருக்கு என்ன நஷ்டம்?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அவர்கள் விதியை மீறவே இல்லை, ஐயா. எழுத்துக்கு எழுத்து மதித்தார்கள். அதனால்தான் நிர்வாகம் திணறியது.

2017 ஜூன், பிரான்சின் நாந்த் நகரம். கடும் வெயில். பஸ்ஸின் பெரிய முன்கண்ணாடி வழியாக இறங்கும் சூடு அத்தனையும் டிரைவர் மேல்தான். கண்ணாடிக்குப் பின்னால் 50 டிகிரி வரை போகிறது என்று தொழிற்சங்கத்தார் முறையிட்டார்கள். ஆண் டிரைவர் அரைக்கால் சட்டை போடக் கூடாது, முழு பேண்ட்தான். பெண் டிரைவர் பாவாடை போடலாம். பஸ் ஒன்று, ரூட் ஒன்று, மிதிக்கிற பிரேக்கும் ஒன்று. சீருடைப் பட்டியலில் ஏற்கெனவே இருந்த பாவாடையைச் சில ஆண்கள் கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். சில நாட்களிலேயே பெர்முடா அரைக்கால் சட்டைக்கு அனுமதி கிடைத்தது.

2013-இல் ஸ்வீடனிலும் இதுதான் நடந்தது. ஸ்டாக்ஹோமின் ரோஸ்லாக்ஸ்பானன் தடத்து ரயில் ஓட்டுநர்கள் பாவாடையில் வேலைக்கு வந்தபோது, ஆண் என்பதற்காகத் தடுத்தால் அது பாரபட்சமாகிவிடும் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அரைக்கால் சட்டைக்கு அங்கும் வழி பிறந்தது.

யாருக்கு நஷ்டம் என்று கேட்டீர்கள். லண்டனில் நிகோலா தோர்ப் என்ற பெண்ணைக் கேட்டால் தெரியும். 2015 டிசம்பரில் ஓர் அலுவலகத்தின் வரவேற்பாளர் வேலைக்குப் போனார். 2 முதல் 4 அங்குலக் குதிகால் செருப்பு போட்டே ஆக வேண்டும் என்றார்கள். ஆண்களுக்கு இந்த விதி இல்லையே, இது பாரபட்சம் என்றபோது சிரித்தார்கள். மறுத்ததும் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றக் குழு விசாரித்தது, கால் மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள், 2017-இல் அறிக்கையும் வந்தது. இருக்கிற சட்டமே போதும் என்று அரசு கைவிரித்தது. ஆண்கள் பாவாடை கட்டியதும் நிர்வாகம் சில வாரங்களுக்குள்ளேயே இறங்கி வருகிறது. பெண் கால் வலிக்கிறது என்று சொன்னால் ஒன்றரை லட்சம் கையெழுத்தும் போதவில்லை. பத்திரிகைகளின் கொண்டாட்டத்தில் எனக்கு உறுத்துவது இதுதான்.

உங்கள் வாதத்தின் மையம், அவரவர்க்கு அவரவர் உடை, இரு பக்கமும் சமம் என்பது. இதை அப்படியே நீதிமன்றமே சொன்ன வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலம், ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதி ஒன்றின் பாரில் சுமார் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர் டார்லீன் ஜெஸ்பர்சன். வேலையில் அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. 2000-இல் புது விதி வந்தது: பெண்கள் பவுடர், கன்னச் சாயம், மஸ்காரா, உதட்டுச்சாயம் பூசி வர வேண்டும்; ஆண்கள் முடியைச் சட்டைக் காலருக்குக் கீழே இறங்காமல் வெட்டி வர வேண்டும். மேக்கப் போட முடியாது என்றார், வேலை போனது. 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7–4 என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆணுக்கும் விதி, பெண்ணுக்கும் விதி. மேக்கப்புக்குக் கூடுதல் நேரமும் பணமும் ஆகும் என்பதை அவர் ஆதாரத்தோடு நிரூபிக்கவில்லை என்றார்கள் நீதிபதிகள். கண்ணாடி முன் ஒரு பெண் நிற்கும் நேரத்துக்கு ஆதாரம் வேண்டுமாம்! அந்தத் தீர்ப்பை எப்போது படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆண் என்றால் பேண்ட் என்பதும் இயற்கை வகுத்த விதி கிடையாது. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கில்ட் என்ற பாவாடை போன்ற உடையைக் கட்டியவர்கள். 1746-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதைத் தடை செய்தது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் சிறை, மறுமுறை 7 ஆண்டு நாடுகடத்தல். மன்னரின் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. தடை நீங்க 1782 ஆனது. கலகம் செய்த மக்களை அடக்க உடையில் கை வைத்தார்கள்; கண்ணியம் கெட்டுப்போகும் என்ற கவலை அவர்களுக்கு இருக்கவில்லை.

வேட்டி கட்டிய நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2014 ஜூலையில், சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்புக்கு வேட்டியோடு போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை வாசலிலேயே தடுத்தார்கள். தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டம் வந்தது: வேட்டிக்காகப் பொது இடத்தில் ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். சரியான சட்டம், வரவேற்றேன். 2019-இல் அரசு ஊழியர்களுக்கான உடை ஆணையிலும் ஆண்கள் வேட்டி கட்டலாம் என்று இருக்கிறது. அதே ஆணை, பெண்கள் சுடிதார் போட்டால் துப்பட்டாவும் வேண்டும் என்கிறது. கோப்பு பார்க்கும் வேலைக்குத் துப்பட்டா ஏன் தேவைப்படுகிறது என்று அந்த ஆணையில் காரணம் இல்லை. வேட்டிக்காகக் கொதித்தவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டோம்?

நீங்கள் ஹெச்.ஆர். என்பதால் உங்கள் கம்பெனி விதிகளைக் கையில் எடுத்து வரிவரியாகப் பாருங்கள். சுழலும் எந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற துணி ஆகாது என்பது நல்ல விதி. அது துப்பட்டாவுக்கும் பொருந்தும், வேட்டிக்கும் பொருந்தும், கழுத்து டைக்கும் பொருந்தும். முடியை அள்ளிக் கட்டு என்பது நீள முடி வைத்த பையனுக்கும்தான். சேலைக்கு மேல் கோட் என்பது எந்திரத்தின் பெல்ட்டில் முந்தானை சிக்கக் கூடாது என்பதற்காக என்றால் ஏற்கிறேன். பல தனியார் பள்ளிகளில் ஆசிரியைகளை மட்டும் சேலைக்கு மேல் கோட் போடச் சொல்கிறார்களே, அந்த வகுப்பறையில் எந்த பெல்ட் சுற்றுகிறது? பிள்ளைகளின் பார்வைக்கும் சக ஊழியரின் பார்வைக்கும் அந்த அம்மாவைப் பொறுப்பாக்குகிறார்கள். கோடைப் புழுக்கத்தில் ஒரு நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு நின்று பாடம் நடத்துவது லேசான காரியமா?

ஆண், பெண் என்று பிரிக்காமல் எழுதவே முடியாத வரி ஏதாவது உங்கள் விதியில் இருந்தால், அதற்கு வேலை சார்ந்த காரணம் என்ன என்று முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள். காரணம் வராவிட்டால் அந்த வரியை நீக்குங்கள். அதற்கு முன்பாகத் தையல் பிரிவில் இருக்கும் பெண்களையும் அயர்னிங் டேபிளில் நிற்கும் ஆண்களையும் உட்கார வைத்து, எந்த உடை அவர்களுக்குத் தோதாக இருக்கும் என்று கேளுங்கள். கொதிக்கிற ஆவிக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு அது உங்களையும் என்னையும் விட நன்றாகத் தெரியும்.